கேலரியில் ஈரமில்லை

அன்று முடிச்சூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்காரர் காஜா மொய்தீன், அவர் மனைவி சித்திகா, மகள் நிகத், அப்போது கம்பெனியை நடத்திவந்த நிகத்தின் கணவன் அசார், காஜாவோடு மீசை முளைத்த காலத்திலிருந்து ஒன்றாக வேலை பார்க்கும் மேஸ்திரி சவுரிமுத்து, துளைபோடும் எந்திரமான ரிக்கை ஓட்டும் பிரிட்டோவும் கதிரேசனும். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் தெருவில் பலர் உண்டு. அவர்களில் ஒருவரும் அன்று அந்த வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

தாம்பரம் பக்கத்தில் காஜா டிரில்லிங் என்றால் போர் போடுகிற கம்பெனி என்று நினைப்பவர்களே அதிகம். காஜா பாய்க்கு அது பிடிக்காது. போர் போட வேண்டும் என்று யாராவது போன் செய்தால் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். அவர் தொழில் அணைக்கட்டில். பெரிய அணையின் வயிற்றுக்குள், ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு ஒரு சுரங்கம் நீளவாக்கில் போகும். கேலரி என்பார்கள். அதற்குள் ரிக்கை இறக்கி, தரையிலிருந்து கீழே பாறைக்குள் வரிசையாக ஓட்டை போட வேண்டும். ஹோல் என்பதை ஆட்கள் ஓலு என்பார்கள். அணைக்கு அடியில் பாறை வெடிப்புகளில் புகுந்து வருகிற தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியே மேலேறி, கேலரி ஓரத்து வாய்க்காலில் விழுந்து வெளியே போய்விடும். ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. அது கீழேயிருந்து அணையைத் தூக்கப் பார்க்கும்.

அத்தனை கனமான கட்டடத்தைத் தண்ணீர் தூக்குமா என்று முடிச்சூரில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. பெருவெள்ளம் வந்த வருஷம், எதிர்வீட்டில் புதிதாகக் கட்டிக் காலியாகக் கிடந்த நிலத்தடிக் கான்கிரீட் சம்ப் தொட்டி, மண்ணைப் பிளந்துகொண்டு இடுப்பு உயரத்துக்கு மேலே வந்து கோணலாக நின்றதைத் தெருவே பார்த்திருக்கிறது.

காஜா டிரில்லிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அணையில் வேலை முடிந்தால், கடைசியாகப் போட்ட ஓட்டையில் வரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மேஸ்திரி கொண்டுவர வேண்டும். வேலை செய்தவர்கள் எல்லோரும் காஜா பாய் வீட்டில் உட்கார்ந்த பிறகு, அவர் அதில் ஒரு வாய் குடிப்பார். அப்புறம்தான் சாப்பாடு. பாறைக்குள் என்ன நடக்கிறது என்று யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. அங்கிருந்து வருகிற தண்ணீர்தான் சேதி சொல்லும் என்பது அவர் கணக்கு. நல்ல தண்ணீராக இருக்காது அது. சிமென்டையும் பாறையையும் கழுவிக்கொண்டு வருவதால், வெற்றிலை இல்லாமல் சுண்ணாம்பை மட்டும் நாக்கில் தடவியது மாதிரி இருக்கும். குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். பையன்கள் சிரிப்பார்கள். பிஸ்மில்லா சொல்லிக் கை வைப்பார்கள்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் சைட்டுக்குப் போவதில்லை. அசார்தான் போய் வந்தான். மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அணை அது. பெயர் இங்கே வேண்டாம். பழைய ஓட்டைகள் சுண்ணாம்பு பிடித்து அடைத்துப் போயிருந்தன. முதலில் பாறை வெடிப்புகளில் சிமென்ட் பால் ஏற்றி அடைக்க வேண்டும். அது இறுகிய பிறகு பழைய ஓட்டைகளைத் துளைத்துச் சுத்தம் செய்து, புதிதாகவும் சில போட வேண்டும். மழைக்கு முன்னால் முடிந்துவிட்டது என்று அசார் சொன்னபோது காஜா பாய் சந்தோஷப்பட்டார். மாப்பிள்ளை சூட்டிகையானவன் என்று பள்ளிவாசலில் இரண்டு பேரிடம் சொன்னார். அவர் அப்படி யாரையும் சட்டென்று புகழ்கிறவர் இல்லை.

வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் முடிச்சூர் வீடுகளில் டைல்ஸ் இடுக்கில் ஊற்று வரும். சித்திகா மூலையில் ஒரு பழைய துணியைப் போட்டு அதன்மேல் ஸ்டூலை வைத்து மறைத்திருந்தாள். பாய் விரித்து, நடுவில் சிலர் சேர்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டுகளான சஹன்களில் பிரியாணி. தால்சா, கத்திரிக்காய், வெங்காயம், பிரெட் அல்வா.

"மாமி, நெய் வாசனை கேட் வரைக்கும் வருது," என்றான் பிரிட்டோ.

"கேட் வரைக்கும் வந்துச்சா? நீ ஜி.எஸ்.டி. ரோட்லயே மோப்பம் புடிச்சிருப்பியே," என்றாள் சித்திகா.

"அவன் சைட்ல பத்து நாளா தக்காளி சோறு துன்னவன் மாமி. பாவம், இன்னிக்கு நீங்க எடுத்து வைக்கிற சஹன் பத்தாது," என்றான் கதிரேசன்.

சவுரிமுத்து பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். காஜா பாய் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

தண்ணீர் இனித்தது.

இனித்தது என்றால் சர்க்கரை போட்டது போல இல்லை. முடிச்சூரில் போர்த் தண்ணீர் உப்பாகிப் போன நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் குடிக்கிற கேன் தண்ணீர் எப்படி வெறுமனே தொண்டையில் இறங்குமோ, அப்படி இறங்கியது. அவர் இன்னொரு வாய் குடித்தார். சவுரிமுத்துவைப் பார்த்தார். சவுரிமுத்து தால்சா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, எப்டி இருக்கு?" என்றான் அசார்.

காஜா பாய் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்களை சாப்பாட்டின் முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

"பிஸ்மில்லா. சாப்புடுங்க," என்றார்.

அவரும் சாப்பிட்டார். கறித் துண்டுகளை எடுத்துப் பிரிட்டோ பக்கம் தள்ளினார். இன்னும் வைத்துக்கொள் என்று கதிரேசனை அதட்டினார். எப்போதும் அவரோடு ஒரே சஹனில் சாப்பிடுகிற சவுரிமுத்து, அன்று சுகர் கூடியிருக்கிறது என்று சொல்லி ஒரு பீங்கான் தட்டில் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

பையன்கள் கிளம்பிய பிறகு, "சவுரி, ஷெட்டுக்கு வா," என்றார் காஜா பாய்.

வீட்டுக்குப் பக்கத்து மனையில் தகரக் கொட்டகை. பழைய ரிக்குகளும் ராடுகளும் கிரீஸ் வாசனையோடு கிடந்தன. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது.

"எங்க புடிச்ச அந்தத் தண்ணிய?"

"ஓல்லதான் பாய். கடைசி ஓலு."

"சவுரி."

சவுரிமுத்து ஒரு ராடு குவியல்மேல் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மழையில் நனைந்திருக்கவில்லை, ஆனாலும் துடைத்தார்.

"சிங்கப்பெருமாள் கோவில்ல டீ குடிக்க வண்டிய நிறுத்தனோம். அங்க கடையில கேன்லேர்ந்து ரொப்பினேன்."

"ஏன், ஓல்ல தண்ணி இல்லியா?"

"இல்ல."

"எந்த ஓல்ல?"

"எதுலயும் இல்ல பாய்."

காஜா பாய் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லி சவுரிமுத்து ஒரு டப்பாவை நகர்த்தியதை அவர் பார்க்கவில்லை.

"டேம் ரொம்பி நிக்குது. ஓல்ல தண்ணி இல்ல. இன்னா பண்ணி வச்சீங்க?"

"சிமெண்டு பாலு ஏத்துற பம்பு வர்ல பாய். வேற சைட்ல மாட்டிகினு கீது. இங்க ரிக்கு சும்மா நிக்குது, ஆளுங்க சும்மா நிக்கிறாங்கோ. மாப்ள சொன்னாரு, மொதல்ல ஓலு போட்டுறலாம், பம்பு வந்தா அப்பால பாலு ஏத்திக்கலாம்னு."

"அவன் சொன்னான். நீ?"

"நான் வேணான்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். மூணாவது வாட்டி சொல்லல."

"அப்பால?"

"பம்பு வந்துச்சி. ஏத்தனோம். சொம்மா குடிச்சிகினே கீது பாறை. எங்கடா போவுதுன்னு பார்த்தா, ஓல்ல வந்துகினு இருந்த தண்ணி அப்டியே வெள்ளையாச்சி. பாலு மாதிரி. கொஞ்ச நேரம் வந்துச்சி. அப்பால நின்னு போச்சி. ஒண்ணொண்ணா நின்னுச்சி பாய். நான் நின்னு பாத்துகினு இருந்தேன்."

"திரும்பத் தொளைக்க வேண்டியதுதானே?"

"மாப்ள டைம் இல்லன்னுட்டாரு. வாய்ல புது பைப்பு சொருகி, பெயின்ட் அடிச்சி, கேலரிய சுத்தமா கழுவி விட்டோம். பார்க்க வந்தவங்கோ, அடடே, ஒரு சொட்டு ஒழுகலியேன்னு கை குடுத்துட்டுப் போனாங்கோ."

ஒழுகாத கேலரியைப் பார்த்து ஊர் கை கொடுக்கலாம். வாழ்நாள் முழுக்க அந்த ஒழுகலைத்தான் உண்டாக்கிக்கொண்டிருந்த சவுரிமுத்து, அதை அடைத்துவிட்டு அந்தப் பாராட்டைக் கை நீட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார். காஜா பாயால் அதைத் தாங்க முடியவில்லை. ஆனால் அவர் கேட்டது வேறு.

"பாட்டில்ல கேன் தண்ணி ரொப்பச் சொன்னது அசாரா?"

சவுரிமுத்து துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவனுக்கு இதெல்லாம் தெரியாதே சவுரி. அவன் ஒரு நாளும் இந்தத் தண்ணிய குடிச்சதில்லியே."

"நான்தான் பாய்," என்றார் சவுரிமுத்து. "பாட்டில் இல்லாம வந்தா நீ கேப்ப. உனுக்கு நெஞ்சு ஆப்ரேசன் பண்ணி கீது. கம்பெனி பேரும் கெட்டுப் பூடும். எல்லாம் உன் பேருக்காவத்தான்..."

"என் பேருக்காவ."

"ஆமா பாய்."

"என் வாயில ஊத்தின."

சவுரிமுத்து எழுந்து அவர் கையைப் பிடிக்க வந்தார். காஜா பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எத்தனையோ அணைகளில் ஒரே தார்ப்பாயின் கீழ் படுத்தவர்கள். ஈஸ்டருக்கு அவர் வீட்டிலிருந்து கேக் வரும், பெருநாளுக்கு இவர் வீட்டிலிருந்து பிரியாணி போகும். சவுரிமுத்து மழையில் நடந்து போனார். பொழிச்சலூர் வரைக்கும் எப்படிப் போவார் என்று காஜா பாய் கேட்கவில்லை. ஆட்டோ வைத்துக் கொடுக்கவில்லை.

கூடத்துக்குத் திரும்பி வந்து கேட்டபோது அசார் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவன் நினைக்கவில்லை என்பதுதான் காஜா பாயை அதிகம் வருத்தியது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"மாமா, டென்ஷன் ஆகாதீங்க. ஒரு சீசன்ல ஒண்ணும் ஆகாது. டேம்ல சேஃப்டி எல்லாம் வச்சுத்தான் கட்டியிருக்கான். சம்மர்ல தண்ணி எறங்கட்டும். வேற வேலைன்னு சொல்லி உள்ள போய் சைலன்ட்டா திரும்ப டிரில் பண்ணிடறேன். யாருக்கும் தெரியாது."

"சம்மர் வரைக்கும் தண்ணி சைலன்ட்டா இருக்கும்னு உன்கிட்ட சொல்லிச்சா?"

"மாமா, பிராக்டிகலா பேசுங்க. இப்ப சொன்னா பிளாக்லிஸ்ட் பண்ணுவாங்க. கேஸ் வரும். ஏற்கெனவே அந்த சத்யபிரியா மேடம் வேற, அடியில பிரஷர் ரீடிங் ஏறிகிட்டே போகுது ஏன்னு கேட்டுகிட்டு இருக்காங்க. மீட்டர் ரிப்பேர்னு சமாளிச்சு வச்சிருக்கேன்."

காஜா பாய் இதைக் கேட்டதும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அடியில் அழுத்தம் ஏறுகிறது. அந்தப் பெண் என்ஜினீயர் சரியாகவே பார்த்திருக்கிறாள். அவளிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், தன் பெயரை வைத்து.

நிகத் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"அத்தா, அவரு ஜெயிலுக்குப் போவணுமா? அதான் உங்களுக்கு வேணுமா?"

"அதுக்குக் கீழ ஊரு கீதும்மா. பள்ளிக்கூடம் கீது. ஆத்தோரம் வூடு கட்டிகினு ஜனம் கீது."

"அவங்களப் பத்தி யோசிக்கிறீங்க. நான் யாரு உங்களுக்கு?"

சித்திகாதான் பேசினாள். தரைத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்.

"பெருவெள்ளம் வந்தப்போ மொட்டை மாடியில ரெண்டு ராத்திரி நின்னோமே, நிகத். உன்ன போர்வையில சுத்திகினு. தண்ணி வரப்போவுதுன்னு ஒருத்தன் ஒரு மணி நேரம் முந்தி சொல்லியிருந்தா, ஜாமானாவது மேல ஏத்தியிருப்போம்."

நிகத் அழுதுகொண்டே உள்ளே போனாள்.

காஜா பாய் மருமகனைப் பார்த்துச் சொன்னார். "நானா போய்ச் சொன்னா அது உனக்கு அசிங்கம். நீயே போய்ச் சொல்லு. தப்பு நடந்துடுச்சு, நாங்களே சொந்தச் செலவுல தொளைச்சுத் தர்றோம்னு சொல்லு. தண்ணிய இப்பவே கொஞ்சம் எறக்கச் சொல்லு. தப்பு பண்ணவன் தானே போய் ஒத்துக்கினா அதுக்கு ஒரு மரியாதை உண்டு."

அசார் சோபாவிலிருந்து எழுந்து வந்தான். பிறகு, "சரி மாமா, நீங்க சொன்னா சரி," என்று அவர் முழங்காலைத் தொட்டுச் சொன்னான். காஜா பாய் நம்பினார். மருமகன் வாக்குக் கொடுத்தால் நம்புவதுதான் முறை. நம்பியதில் அவர் பக்கம் தவறு எதுவும் இல்லை.

மறுநாள் கேட்டார். மேடம் லீவு என்றான். அதற்கடுத்து மேடம் மீட்டிங்கில் இருந்தாராம். பிறகு, போனில் சொல்லிவிட்டேன், பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள் என்றான். அவர் அதற்கு மேல் துருவவில்லை. சொன்னதைத் திரும்பக் கேட்பது கேட்கப்படுகிறவனுக்கு அவமானம் என்று நினைக்கிறவர்.

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிய அன்று, அவரே அணை ஆபீசுக்குப் போன் செய்தார். சத்யபிரியா எடுத்தார். காஜா டிரில்லிங் காஜா மொய்தீன் பேசுகிறேன் என்றதும் மரியாதையாகப் பேசினார்.

"சொல்லுங்க பாய், ஹெல்த் எப்படி இருக்கு? உங்க மாப்பிள்ளைகிட்ட நாலு நாளா டிரை பண்றேன், போனே எடுக்க மாட்டேங்கறார். அந்த ரீடிங் விஷயமா."

நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிக் காஜா பாய் போனை வைத்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, தாம்பரம் போய் பஸ் ஏறுகிறேன் என்று புறப்பட்டார். நிகத் சொல்லித்தான் அசார் காரை எடுத்தான். வழியில் பேசி மனதை மாற்றிவிடலாம் என்று இருவரும் நினைத்திருக்க வேண்டும்.

வண்டலூர் தாண்டும்வரை அவன் பேசினான். கூடுவாஞ்சேரியில் சாலையில் முழங்காலளவு தண்ணீர்; பஸ்கள் அலை அடித்துப் போயின. அங்கே கெஞ்சினான். சிங்கப்பெருமாள் கோவில் வந்ததும், "டீ சாப்பிடலாமா மாமா?" என்றான்.

"இங்க நிறுத்தாத," என்றார் காஜா பாய். அந்தப் பயணத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

அணைக்குப் போனதும் சத்யபிரியாவின் அறைக்குப் போவதற்கு முன்னால் கேலரியைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொன்னார். படி இறங்கும்போது நெஞ்சு அடைத்தது. நின்று நின்று இறங்கினார். கேலரிக்குள் போனால் முதலில் வேலை செய்வது காதுதான். சொட்டுச் சத்தம், வாய்க்காலில் ஓடுகிற சத்தம், அது பாறையில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம். அதற்குள் நின்று பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். அன்று அவர் செருப்புச் சத்தம் அவருக்கே கேட்டது. சுவரில் வெள்ளையடித்திருந்தார்கள். புதுப் பைப்புகள் நீல பெயின்டில் பளபளவென்று நின்றன. ஒன்றின் வாயில் விரல் விட்டுப் பார்த்தார். விரலில் தூசி வந்தது. தலைக்கு மேலே, சுவருக்கு அந்தப் பக்கம், ஏரி முழுக்கத் தண்ணீர் நின்றது. புயல் இன்னும் கரைக்கு வரவில்லை.

வாய்க்காலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்தார். உள்ளங்கையைத் தரையில் வைத்தார். காய்ந்திருந்தது. எத்தனை வருஷம் அதே தரையில் முழங்கால் நனைய உட்கார்ந்திருக்கிறார். அசார் டார்ச்சை அடித்துக்கொண்டு பின்னால் நின்றான். "போலாம் மாமா, உங்களுக்கு மூச்சு வாங்குது," என்றான். உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். அந்த அக்கறையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு இருவரும் மேலே போய் சத்யபிரியாவின் அறைக்குள் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்.

அன்று மாலையே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கீழே ஊர்களில் தண்டோரா போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். புயல் மழை வந்தபோது அணையில் இடம் இருந்தது. வேறொரு கம்பெனி ரிக்கைக் கொண்டுவந்து ஓட்டைகளைத் துளைத்தது. முதல் ஓட்டை திறந்தபோது தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியதாகக் கதிரேசன் வந்து சொன்னான்; அவன் அந்தக் கம்பெனியில்தான் இப்போது ரிக்கு ஓட்டுகிறான். காஜா டிரில்லிங்குக்கு இனி எந்த அணையிலும் வேலை இல்லை. ஷெட்டை வாடகைக்கு விட்டாயிற்று. நிகத்தும் அசாரும் பம்மலில் தனியாக இருக்கிறார்கள். நிகத் அம்மாவுக்கு மட்டும் போன் செய்கிறாள்.

காஜா பாய் மருமகனைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று முடிச்சூரில் பேசிக்கொள்கிறார்கள். பள்ளிவாசலில்கூட ஒருவர் அதைச் சொல்லியிருக்கிறார். அது பொய். யார் செய்தது என்று அந்த அறையில் சத்யபிரியா கேட்டபோது, "நான்தான்மா, எல்லாம் நான் சொல்லித்தான் செஞ்சாங்க," என்றார் காஜா மொய்தீன். பக்கத்து நாற்காலியில் இருந்த அசார் இல்லை என்று சொல்லவில்லை.